மூன்று முழங்கால் படங்கள்

மூன்று எக்ஸ்ரே படங்கள். மூன்றும் ஒரே அக்காவின் வலது முழங்கால். தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் வேலை பார்த்தபோது, எட்டு மாதத்துக்குள் என் கையால் எடுத்தவை. மூன்றிலும் முழங்கால் நன்றாகவே இருந்தது. நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

அக்காவுக்கு ஊர் முக்கூடல். நாற்பது வயதிருக்கும். தரையில் சம்மணம் போட்டு, மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றினால்தான் அன்றைய பாடு. வாய் மட்டும் சும்மா இருக்காது. "இந்தக் காலு மருமவ மாதிரி தம்பி. கூப்பிட்டா வர மாட்டேங்கு, வந்தாலும் மொனங்கிக்கிட்டே வருது" என்பாள். நான் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே பார்ப்பேன், மேசையில் ஏறும்போது அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கி வைப்பதை. மூன்று தடவையும் பார்த்தேன்.

மூன்றாவது படத்தைக் கொடுக்கப் போனபோது பெரிய டாக்டர் அவளிடம், "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டார். கை முதலில் தொடை இடுக்குக்குத்தான் போனது. எதிரே நாங்கள் இரண்டு ஆண்கள். கூசிப்போய், கை இறங்கி முழங்காலில் நின்றது. பொய்யில்லை, அங்கேயும் வலிக்கத்தான் செய்தது. டாக்டர் தலை நிமிராமல் மாத்திரை எழுதிக்கொண்டிருந்தார். நடக்கச் சொல்லவில்லை, படுக்கச் சொல்லவில்லை. "சார், அக்கா காலைத் தூக்கவே..." என்று ஆரம்பித்தேன். "படம் எடுக்கிற வேலைய மட்டும் பாரும் வே" என்றார். அடுத்த ஆளைப் படம் எடுக்கப் போனேன்.

அடுத்த தடவை அவள் வந்த அன்று பெரிய டாக்டர் விடுப்பு. புதிதாகச் சேர்ந்த பெண் டாக்டர், வாசலிலிருந்து அவள் நடந்து வருவதைப் பார்த்ததுமே மாத்திரைச் சீட்டை ஒதுக்கி வைத்தார். திரையை இழுத்து, படுக்கவைத்தார். "முட்டிய மடக்கிப் பாதத்த வெளிய திருப்புதேன். எங்க வலிக்குன்னு கூச்சப்படாமச் சொல்லுங்கக்கா" என்பது எனக்குக் கேட்டது. உடனே அலறல்: "அங்கனதாம்மா, அங்கனதான்! கவட்டுல!"

இதைக் கண்டுபிடிக்கக் காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. அதற்கு எட்டு மாதம்!

இடுப்பைப் படம் எடுத்தேன். தொடை எலும்பின் உச்சியில் உருண்டையாக இருக்க வேண்டிய பந்து நசுங்கிக் கிடந்தது. இடுப்பு மூட்டு கெட்டால் வலி முழங்காலில் வந்து தெரிவதுண்டு, முழங்காலில் குறையில்லை என்றால் உடனே மேலே பார்க்க வேண்டும் என்றார் பெண் டாக்டர். முன்பே பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். அவர் படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது படம் நொடியில் கணினித் திரைக்கு வந்துவிடுகிறது. ஆளைப் படுக்கவைத்துக் காலைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

மறுநாள் அந்தப் படத்தைப் பெரிய டாக்டரின் மேசையில் வைத்தேன். "அந்தம்மா முட்டின்னுதானே சொல்லிச்சு" என்றார். அவ்வளவுதான். படத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், அதை வாங்கிப் போக வந்திருந்த அக்கா பெஞ்சில் இருந்தாள். இனித் தரையில் உட்காரவே கூடாது என்று சொல்லியாகிவிட்டது. அப்படியென்றால் பீடித் தட்டு?

"எம்மேலயும் தப்பு இருக்கு தம்பி" என்றாள் அவள். "நான் ஒழுங்கா கையக் காட்டியிருக்கணும். ஒங்களுக்கெல்லாம் வீண் அலைச்சல்."

நீங்கள் ஒழுங்காகத்தான் காட்டினீர்கள் அக்கா, நான் பார்த்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். படத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.