நாலு ஊசி போட்டுக்கொண்ட பொய்

வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்போம். அது வேகிற வாசனை வந்தால் எல்லாருக்கும் நாக்கில் நீர் ஊறும். எனக்கு எரிச்சல் ஊறுகிறது. கிரிவலப் பாதையில் யாராவது அலுமினியக் குண்டானைத் திறக்க, அந்த ஆவி என் பக்கம் திரும்பினாலே நடையை எட்டிப்போட்டுவிடுவேன். மண், உப்பு, ஈரத் தோல். அந்த வாசனையோடுதான் என் தம்பி அன்றைக்கு ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரில் கிடந்தான். தலைமுடியில் மல்லாட்டைத் தோல் ஒட்டியிருந்தது.

அவன் எலெக்ட்ரீஷியன். செங்கம் சாலையில் ஒரு விடுதியில் வயரிங் வேலையை முடித்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தான். மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டு எதிரே வந்த குட்டியானை லோடு வண்டி, ஓர் ஆட்டோவை முந்தப் பார்த்து, அவனைச் சாய்த்துவிட்டது. மூட்டை அவிழ்ந்து சாலையெல்லாம் கடலை. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு துண்டு.

அதுவரைக்கும் விபத்து. அதற்கப்புறம் நடந்ததற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வண்டி ஓட்டியவர் ஓடிப்போகவில்லை. அவரே தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். கருப்பு வேட்டி, வெறுங்கால், கழுத்தில் துளசி மாலை. சபரிமலைக்கு விரதம் இருக்கிறவர். மாலை போட்டுவிட்டால் எங்கள் ஊரில் பேருக்கு வேலையில்லை. டீக்கடையிலும் சாமிதான், போலீஸ் ஸ்டேஷனிலும் சாமிதான். கால் தனியாகத் தொங்கிக்கொண்டிருக்க என் தம்பி அவருக்கு ஆறுதல் சொன்னானாம்: “அழாதீங்க சாமி, எனக்கு ஒண்ணும் இல்ல சாமி.”

டாக்டர் விபத்துப் பதிவேட்டைத் திறந்து எப்படி ஆச்சு என்று கேட்டிருக்கிறார்.

“நாய் குறுக்க வந்துச்சு சார். நானே விழுந்துட்டேன்.”

“நாய் கடிச்சுதா?”

இந்த இடத்திலாவது இல்லை என்றிருக்கலாம். கணுக்காலில் தார் உரசிய கீறல் ஒன்று இருந்தது. டாக்டர் அதைப் பார்த்தார். இவனும் பார்த்தான்.

“லேசா பட்டுச்சு சார்.”

அவன் சொன்னதை அவர் எழுதிக்கொண்டார். நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது நாய்க்கடிக்கு முதல் ஊசி போட்டாகிவிட்டது.

“எந்த நாய்டா?”

“மெதுவாப் பேசுக்கா. நாயே இல்ல.”

“பின்ன?”

“மாலை போட்ட சாமி மேல எப்படிக்கா கேஸ் குடுக்கிறது? ரெண்டு பொண்ணுங்களாம். மலைக்குப் போற நேரத்துல ஸ்டேஷன்ல உக்கார வெச்சுடுவாங்க.”

“சரி, ஊசியாவது வேணாம்னு சொல்லித் தொலைடா.”

“சொன்னா டாக்டர் கண்டுபிடிச்சுடுவாருக்கா. ஊசிதானே, பரவால்ல.”

காலுக்குள் கம்பியும் மேலே தையலுமாக இருந்தவனை மீதி மூன்று ஊசிக்கும் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். அதை நினைத்தால் என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஊசி வரிசையில் நிஜமாகவே கடிபட்டவர்கள். துணி சுற்றிய கை, வீங்கிய கெண்டைக்கால், அம்மா இடுப்பில் விசும்பும் குழந்தை. ஒரு பூக்கார அம்மா விசாரித்தாள்: “உன்ன எது கடிச்சுதுப்பா?” தம்பி சற்றும் யோசிக்கவில்லை. “செவல நாய்ம்மா. வாலு அறுந்தது.”

“அட, பெட்ரோல் பங்க்காண்ட சுத்துமே, அதுவா! அதுதான் எங்க ஊட்டுக்காரரையும் புடுங்குச்சு!”

வரிசையில் இன்னும் இரண்டு பேருக்கு அந்த நாயைத் தெரிந்திருந்தது. நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். இல்லாத நாய்க்கு அதற்குள் வால் போய், பேட்டை வந்து, எதிரிகளும் சேர்ந்துவிட்டார்கள்.

எலும்பு கூடியது. ஆனால் கோணலாகக் கூடியது. முழங்கால் பாதிக்கு மேல் மடங்காது என்று விட்டது. சமதரையில் நடக்கலாம். ஏணியில் இரண்டாவது படிக்கு மேல் கால் தூக்காது. ஏணி ஏற முடியாத எலெக்ட்ரீஷியனை யார் கூப்பிடுவார்கள்? டெஸ்டரை மட்டும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, வேலைக்குப் போகிறவன் மாதிரியே தினமும் காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

வக்கீல் அம்மாவிடம் போனபோதுதான் அவனுக்கு அந்த விஷயமே தெரிந்தது. இழப்பீடு கொடுக்கப்போவது சாமி இல்லை, வண்டியை இன்சூர் செய்த கம்பெனி.

“இது மின்னாடியே தெரிஞ்சிருந்தா நான் நாயக் கூப்பிட்டிருக்கவே மாட்டனே மேடம்” என்றான். வக்கீல் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என்னை ஏன் பார்க்க வேண்டும்?

புகார் கொடுப்பதே மாதக்கணக்கில் தள்ளிப்போயிருந்தது. வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது கம்பெனி வக்கீல் அதிகம் மெனக்கெடவில்லை. பதிவேட்டு நகலையும் ஊசிச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“நாயே இல்லைன்னா நாலு ஊசி எதுக்குப் போட்டுக்கிட்டீங்க?”

கூண்டில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பி சொன்னான்: “டாக்டர் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சார்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உண்மைதான் சொன்னான். உண்மை அவன் வாயிலிருந்து வரும்போது மட்டும் பொய்யை விடக் கேவலமாக இருந்தது.

வெளியே வந்து வக்கீல் அம்மா சொன்னார்: “இனி அந்த டிரைவர் செவ்வாய்க்கிழமை வாய்தாவுக்கு வந்து நான்தான் இடிச்சேன்னு சொல்லணும். இல்லன்னா கேஸ் நிக்காது. போய்க் கேளுங்க. நடந்தத சொன்னாப் போதும், கூட ஒரு வார்த்தை வேணாம்.”

சாமியைத் தேடிக் கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினோம். தம்பியை வர வேண்டாம் என்றுதான் சொன்னேன். கேட்டால்தானே. சாமி அங்கே ஒரு மண்டி வாசலில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார். மாலை இல்லை, தாடி இல்லை. காதில் பீடி செருகிய ஒரு சாதாரண மனுஷர். எங்களைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. ஓடிப்போய் டீ வாங்கிவந்தார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“லைசென்ஸ் போய்டும்மா. மொதலாளி வேற, ஜாஸ்தி வாய் குடுக்காதன்னு சொல்லி வெச்சிருக்காரு.”

“அதும் சரிதான்க்கா” என்றான் தம்பி. “அண்ணனுக்கும் கஷ்டம்தானே.”

“நீ டீயக் குடி.”

“டீ நல்லாருக்குண்ணே.”

எனக்கு அந்தக் கிளாஸைப் பிடுங்கி வீசலாம் போல இருந்தது.

டிரைவர் தம்பியின் காலைப் பார்க்காமல் கேட்டார்: “இப்ப நல்லா நடக்கறீங்க இல்ல?”

“ம், பரவால்லண்ணே.”

“பரவால்லயா? பரவால்லயா? இவன் கக்கூஸ்ல உக்காந்தா எழுப்பிவிட நான் கதவுகிட்ட நிக்கறேன்யா!” என்று கத்திவிட்டேன். மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். டிரைவர், “பாக்கறேன்மா” என்றார். பாக்கறேன் என்றால் என்ன அர்த்தம் என்று நாற்பத்தெட்டு வயதில் எனக்குத் தெரியாதா?

திருவண்ணாமலை பஸ் வந்தது. டிரைவரும் கூடவே வந்து நின்றார். நான் ஏறி இடம் பிடித்துவிட்டேன். தம்பி கம்பியைப் பிடித்து நல்ல காலை வைத்தான். மற்றக் கால் படிக்கு எழும்பவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். நான் எழுந்து வந்து கை நீட்டினேன், அவன் பிடிக்கவில்லை. வைத்த காலையும் எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டு திரும்பினான்.

“அண்ணே. இந்தப் படியே ஏற முடியல. ஏணி எப்படிண்ணே ஏறுவேன்? நான் சொன்னது பொய்யின்னு கோர்ட்ல ஒத்துக்கிட்டேன், எல்லாரும் சிரிச்சாங்க. செவ்வாக்கிழம நீங்க வந்து சொல்லுங்க. வரலன்னா மறுநாளு இதே பஸ்ல இங்க வருவேன். அதுக்கு மறுநாளும் வருவேன்.”

இத்தனை வருஷமாக யாரிடமும் எதையும் கேட்காதவன். குரல் உயரவேயில்லை.

டிரைவர் அவன் கக்கத்தில் கை கொடுத்து, மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கிப் படியில் வைத்தார். பஸ் நகர்ந்தது. இரண்டு எட்டு கூடவே நடந்துவந்து சொன்னார்:

“கெட்டியாப் புடிச்சுக்க. எத்தினி மணிக்கு வரணும்னு மட்டும் சொல்லு.”