பதினாறாம் நாளுக்கு வாங்கிய புகை

துலாம் ஒன்று, திங்கட்கிழமை. காலை ஏழு மணிக்கு நல்ல வெயில். அன்றைய நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது; எங்கள் பக்கத்துத் துலாம் தமிழில் ஐப்பசி. அன்று காலை என் மனைவி என்னிடம் கேட்டதை நான் எழுதவில்லை. எழுதி வைக்காவிட்டால் மறந்துபோகும் என்று தோன்றவில்லை.

அவளுடைய கட்டிலைப் பின்பக்க ஜன்னலோடு சேர்த்துப் போட்டிருந்தோம். வயிற்றில் வந்த நோய் முற்றிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நெய்யாற்றின்கரை மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே அவள் வளர்த்த நொச்சியும் துளசியும் மழைக்குப் பிறகு தழைத்து நின்றன.

"பதினாறுக்கு வீட்டில புகை காட்டுவாங்கல்லா," என்றாள். "எனக்குக் கடைக் குந்திரிக்கம் வேண்டாம். அந்தா நிக்கிறது போதும். இப்பமே முறிச்சுக் காயப் போடுங்க. போன வருசம் இடிச்சு வச்ச டப்பா காலியாக்கும்."

சாவு நடந்த வீட்டைப் பதினாறாம் நாள் காலையில் கழுவி, நீர் தெளித்து, குந்திரிக்கம் என்னும் சாம்பிராணி போன்ற மரப்பிசினைக் கனலில் போட்டு அறை அறையாகப் புகை காட்டுவது எங்கள் வழக்கம். அவள் தன்னுடைய பதினாறைத்தான் சொல்கிறாள் என்பது எனக்கு உடனே புரிந்தது. புரிந்ததனால்தானோ என்னவோ, வேறொன்றைப் பேசினேன்.

"இன்னைக்குச் சங்கிரமம். மாசம் பிறக்கிற அன்னைக்குத் துளசியில கை வைக்கப்பிடாது. நாளைக்குச் செவ்வாய். புதன்கிழமை பாக்கலாம்."

"துளசிக்குச் செரி. நொச்சிக்கும் நாள் பாக்கணுமா?"

"எல்லாத்தையும் ஒண்ணிச்சு முறிச்சாத்தானே ஒண்ணிச்சுக் காயும்."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நான் சாவதுக்கும் நாள் பாத்து வச்சிருக்கியளா?"

அந்தப் புகை அவளுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். கொல்லயில் ஊருக்கு நாங்கள் குடிவந்த நாள் முதல் எங்கள் வீட்டில் சாயங்காலம் விளக்கேற்றியதும் குந்திரிக்கம் புகைப்பது உண்டு. அவள் பள்ளி ஆசிரியை. ஒரு மகர மாதத்தில் உடன் வேலை பார்த்தவர்களோடு மலைப்பக்கம் போய்விட்டு வந்தாள். போய் வந்த அன்று விளக்கேற்றினாள், புகை போடவில்லை. என்ன என்று கேட்டேன். காட்டில் ஒரு தெள்ளி மரத்தைப் பார்த்தாளாம். தமிழில் கருங்குங்கிலியம் என்பார்கள், அந்த மரம். அதன் பட்டையைக் கீறினால் பிசின் வடியும். மேலாகக் கீறி, ஆற விட்டு எடுத்தால் மரம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் சூடு பட்டால் பிசின் கூடுதலாக வடியும் என்று யாரோ மரத்தின் அடி மூட்டில் தீ போட்டிருக்கிறார்கள். ஆள் உயரத்துக்குக் கரி. மேலே ஒரு இலை இல்லை. கரிந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தபோது குந்திரிக்கம் மணத்தது என்றாள்.

"ஒரு மரத்தைச் சுட்டாக்கும் நம்ம வீட்டைச் சுத்தமாக்குறோம்."

மறுநாள் பாறசாலைக் கடையில் அவள் விசாரித்தபோது நானும் கூட நின்றேன்.

"இது எந்த மரத்துப் பிசின்? அந்த மரம் உயிரோட நிக்கா?"

கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார்: "டீச்சரே, அரிசி வாங்கும்போ நெல்லு சுகமா இருக்கா எண்ணு ஒருநாளும் கேட்கல்லியே."

"நெல்லு அடுத்த பூ விளைச்சலுக்கு வரும். மரம் வருமா?"

அவருக்குத் தெரியவில்லை. பிசின் எங்கிருந்து வருகிறது என்பதும் அவருக்குத் தெரியாது. அவருக்குக் கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது. பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள். அதன் பிறகு எங்கள் வீட்டுக்குள் குந்திரிக்கம் வரவில்லை.

அதற்குப் பதிலாக எதைப் புகைப்பது என்று தேடிப் பின்பக்க முற்றத்தை மாற்றினாள். நொச்சி வேலியாக நின்றது. துளசியைக் கதிர் முற்றி விதை உதிர்ந்த பிறகுதான் கிள்ளுவாள். வெட்டிவேரை மண்ணில் நடாமல் பழைய சிமெண்ட் சாக்குகளில் நட்டாள். சாக்கைக் கிழித்தால் வேர் முழுதாக வரும், நிலத்தைத் தோண்ட வேண்டாம், தூரைப் பிரித்து அடுத்த சாக்கில் வைத்துவிடலாம். மஞ்சள் பறித்த பிறகு காயும் இலையையும் விட மாட்டாள். எல்லாவற்றையும் நிழலில் உலர்த்தி, இடித்து, பசுஞ்சாணத்தில் கொஞ்சம் நெய்யோடு பிசைந்து சின்னச் சின்ன வில்லைகளாகத் தட்டுவாள். சிரட்டைக் கரியில் ஒரு வில்லை போட்டால் வீடு முழுவதும் போதும்.

முதல் வருடத்து வில்லை எரிந்தபோது நான், "யாருக்க வீட்டிலயோ வைக்கோல் போருக்குத் தீ பிடிச்சிருக்கு," என்றேன். "அப்ப உங்க மூக்கை மாத்தணும்," என்றாள். அடுத்த வருடம் அவள் வெட்டிவேரைக் கூட்டினாள். என் மூக்கும் மாறியது.

ஒரு செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க மாட்டாள். இந்த வேலையில் என் பங்கு ஒன்றே ஒன்று, நாள் சொல்வது. பஞ்சாயத்து அலுவலகத்தில் தேதி போட்டுப் போட்டுப் பழகிய கை. துளசியைச் செவ்வாய், வெள்ளி, ஞாயிறு, ஏகாதசி, துவாதசி, சங்கிரமம் ஆகிய நாட்களில் பறிக்கக்கூடாது என்பதைப் பஞ்சாங்கம் பார்த்து நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வைப்பேன். மிச்சமுள்ள நாட்களில் அவள் பறிப்பாள். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டுப் போல இருந்தது. அந்தத் துலாத்தில்தான் அது விளையாட்டாக இல்லாமல் போயிற்று.

புதன்கிழமை அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. வியாழன் விடிந்ததிலிருந்து மழை. வெள்ளி ஆகாது. சனிக்கிழமை வலி அதிகம், நான் அவள் பக்கத்தை விட்டு எழவில்லை. ஞாயிறு ஆகாது. திங்கள் ஏகாதசி, செவ்வாய் துவாதசி. அந்தத் திங்களும் செவ்வாயும் கண்ணாடி மாதிரி வெயில் அடித்தது. அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை அரிவாளை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். உள்ளே அவளுக்கு வாந்தி தொடங்கியது. அதற்குப் பிறகு அவள் சரியாகப் பேசவில்லை. சனிக்கிழமை காலை, துலாம் பதின்மூன்று, போய்விட்டாள்.

சாவுத் தீட்டை எங்கள் பக்கத்தில் மலையாளத்தில் சொல்வதுபோலப் புல என்போம். புலக்காரர்கள் துளசியைத் தொடக்கூடாது. பூசைக்கும் சுத்திக்கும் ஆகிற எதையும் பறிக்கக்கூடாது. அவளுடைய செடிகள் எனக்கும் என் மகனுக்கும் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் விலக்கப்பட்டவை ஆகிவிட்டன. நான் நாட்களை எண்ணினேன். பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

பன்னிரண்டாம் நாள் மகன் கேட்டான். "அப்பா, அம்மை சொன்ன இலை எங்க?"

"முறிக்கல்ல மக்கா. இனி புல கழியாம தொட முடியாது."

"புல கழியணும்னா அந்தப் புகை வேணும். புகைக்கு இலை வேணும். இலையைத் தொடணும்னா புல கழியணும். இது என்னப்பா?"

பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்குக் காரியங்களைப் பார்ப்பதற்காக அதியன்னூரிலிருந்து வந்திருந்த என் அண்ணன்தான் பதில் சொன்னார்.

"எலே, பதினாறுக்கு நொச்சி புகைச்சா கொசு போவும், புல போவாது. உங்கம்மை நல்லவ. ஆனா இதுல அவளுக்கு இத்திரி கிறுக்கு உண்டு. நான் குந்திரிக்கம் வாங்கிட்டு வாறேன்."

மகன் என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் என் மனைவி செத்திருக்கிறாள், என் வாக்குக்கு அன்று யாரும் மறுப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டைக் கழுவி, நீர் தெளித்தார்கள். கனல் நிறைத்த தட்டில் அண்ணன் ஒரு பிடி குந்திரிக்கத்தைப் போட்டு என் கையில் தந்தார். கணவன்தான் காட்ட வேண்டும் என்றார். கனத்த, வெள்ளைப் புகை. மணம் நன்றாகத்தான் இருந்தது, அதில் பொய் சொல்ல முடியாது. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அந்த மணம் எங்கள் சுவர்களில் ஏறியது. கடைசியாக அவளுடைய அறைக்குப் போனேன். ஜன்னல் திறந்திருந்தது. வெளியே நொச்சி கையெட்டும் தூரத்தில் நின்றது.

சாயங்காலம் விருந்துக்கு வந்தவர்கள் போன பிறகு, பக்கத்து வீட்டுக்காரி கொல்லைப்புற வாசலில் வந்து நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பள்ளிக்கு, அதாவது தேவாலயத்துக்கு, போகிறவள், அன்றும் போய்விட்டு வந்த வெள்ளைச் சேலையில் இருந்தாள். என் மனைவியிடமிருந்து வெட்டிவேர்த் தூர் வாங்கித் தன் வீட்டிலும் நட்டிருந்தாள்.

"சாரே, காலையில குந்திரிக்கம் மணத்துதே," என்றாள். "அக்கா வேண்டாம் எண்ணுல்லா சொன்னா?"

"எனக்குத் தெரியும். முறிச்சுக் காய வைக்கதுக்குள்ள அவ போயிட்டா. பிறகு புல. எங்க யாருக்கும் தொடப்பிடாது."

அவள் வேலிப் பக்கம் கை காட்டினாள்.

"உங்களுக்குத்தானே சாரே புல? எனக்கு என்ன புல? நான் பள்ளிக்குப் போறவளாக்கும்."

நான் படியிறங்கி அவளிடம் போனேன்.

"அக்கா எனக்க கிட்ட சொல்லித்தான் வச்சிருந்தா," என்றாள். "சாரு நாள் பாத்துப் பாத்து நாள் போவும், பிறகு உன்ன விளிப்பாரு, அப்ப வந்து முறிச்சுக் குடு, உனக்க அடுப்புக்கு மேல கட்டினா ரெண்டு நாள்ல காயும் எண்ணு. நீங்க விளிப்பிய, விளிப்பிய எண்ணு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். சாவு வீடு. விளிக்காம எப்படி வந்து செடியில கை வைக்கது?"

பதினைந்து நாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் துணி காயப்போடுவதை, கோழிக்குத் தீனி போடுவதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். என் நாட்குறிப்பில் அவள் கஞ்சி கொண்டுவந்து தந்த நாள்கூட இருக்கிறது. நாள்களில் எது ஆகும், எது ஆகாது என்று அத்தனை நுணுக்கமாகத் தெரிந்த எனக்கு, அந்தத் தடை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று யோசிக்கத் தோன்றவில்லை. சாகக் கிடந்தவள் அதை யோசித்திருக்கிறாள். என்னிடம் சொல்லாமல் விட்டிருக்கிறாள். கடைசியில் நானே கூப்பிடுவேன் என்று நம்பியிருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை, எங்கள் புல கழிந்திருந்தாலும், ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தபடி பக்கத்து வீட்டுக்காரிதான் வந்து முறித்தாள். நான் முறம் பிடித்தேன். என் மனைவியைப் போலவே மூன்றில் ஒரு பங்கை எடுத்தாள், மிச்சத்தை விட்டாள். "இப்படித்தான் அக்கா படிப்பிச்சா," என்றாள். அவள் அடுப்புக்கு மேலேயே கட்டிக் காய வைத்தோம். வில்லை தட்ட எனக்குத் தெரியாது. உதிர்த்த இலையையும் வேரையும் அப்படியே புதன்கிழமை காலை, பத்தொன்பதாம் நாள், கரியில் போட்டு என் மனைவியின் அறையில் வைத்தேன். மெல்லிய புகை. சற்று நேரத்தில் ஜன்னல் வழியே போய்விட்டது. மகன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி வாசலில் நின்றான்.

"அக்காவுக்குக் கிட்டியிருக்கும் சாரே," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

கிட்டியிருக்கும் என்று நம்பத்தான் பார்க்கிறேன். அவளுடைய செடிகளை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன், பறிக்க நாள் பார்ப்பதில்லை. ஆனால் அவள் போன வீட்டைச் சுத்தமாக்க முதலில் சூழ்ந்தது எங்கோ சுட்ட ஒரு மரத்தின் புகை. அதைத் தட்டில் ஏந்திக்கொண்டு அறை அறையாகப் போனவன் நான்.