ஆளில்லாத வீட்டில் சுற்றிய மீட்டர்

வியர்த்த உள்ளங்கையில் இரும்புச் சாவியை வெகுநேரம் பிடித்திருந்தால் ஒரு வாசனை ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. என் சிறுவயது மே மாதங்கள் எல்லாமே அந்த வாசனையோடுதான் கழிந்தன. ஏனென்றால் அந்த ஒரு மாதம் எங்கள் அம்மாவின் இடுப்பில் ஊரார் வீட்டுச் சாவிகளெல்லாம் ஒரு கொத்தாகத் தொங்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போகும்போது அதை வாங்கித் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடக்கும் வேலை எனக்கும் என் தம்பிக்கும் மாறி மாறி வரும்.

ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக்காரர்களுக்கான குடியிருப்பில், "லைன்" என்று நாங்கள் சொன்ன வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. லைனில் இருந்தவர்கள் பலரும் வெளியூர்க்காரர்கள். பள்ளிக்கூடத்தில் முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு அவர்கள் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் வேலூருக்கும் கிளம்பிவிடுவார்கள். எங்களுக்குப் போவதற்கு ஊர் கிடையாது. அம்மாவும், நாங்கள் "நைனா" என்று கூப்பிடும் அப்பாவும் பக்கத்துப் பருத்திப்பட்டிலேயே பிறந்தவர்கள். சொந்த ஊருக்குப் போகவேண்டுமென்றால் காலையில் நடந்து போய்விட்டு மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். பருத்திப்பட்டு ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலங்களில் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து தொழிற்சாலைக்குள் நுழைந்த முதல் ஆள் நைனா. மற்றவர்கள் ரயிலில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு போகும்போது, நாங்கள் லைனுக்குக் காவலாக நின்று கையசைப்போம். அதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் அவர்கள் போன மறுநாளே லைன் முழுவதும் எங்களுடையதாகிவிடும். போகிறவர்கள் அம்மாவிடம் பின்கட்டுச் சாவியைக் கொடுத்து, "செடிக்குத் தண்ணி ஊத்திக்கோ சரோஜா, காய்க்கிறதைப் பறிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அதனால் மே மாதத்தில் எங்கள் அம்மா காய்கறிக்காரரைக் கண்டால் மரியாதையாகச் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள். வேலூர்க்காரர் வீட்டு முருங்கை, நாகர்கோவில்காரர் வீட்டுக் கறிவேப்பிலை, யாரோ வைத்துவிட்டுப் போன பீர்க்கங்கொடி, ஆள் பார்க்காமல் பூத்துத் தொலைக்கும் கனகாம்பரம், எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். இதற்குக் கைம்மாறாக அம்மா ரேஷன் பச்சரிசியில் கூழ் கிண்டி, காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு வீட்டுப் பின்முற்றத்திலும் பழைய வேட்டியை விரித்து வடாம் பிழிவாள். எந்த வீட்டு வெயிலில் காய்ந்த வடாமோ அதில் பாதி அந்த வீட்டுக்கு. ஜூன் மாதம் அவர்கள் திரும்பி வரும்போது ஒரு தூக்குவாளி நிறைய வடாமோடு அம்மா வாசலில் நிற்பாள். "ஓசியில துன்னா ஒடம்புல ஒட்டாது" என்பது அவள் கட்சி.

சிக்கனம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்யும் காரியம் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. வெயில் உச்சிக்கு ஏறியதும் நனைத்த கோணியை ஜன்னலில் தொங்கவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்து, வெறுந்தரையில் முதுகு பட உருண்டு கிடப்போம். சனிக்கிழமைகளில் நைனா ஏரிக்கரையிலிருந்து நுங்குக் குலை கொண்டுவருவார். கண்ணைக் கட்டைவிரலால் நோண்டித் தின்றுவிட்டு, மிச்சக் கூட்டில் குச்சி செருகி வண்டி ஓட்டுவோம். சாயங்காலம் பானைத் தண்ணீரில் புளியும் வெல்லமும் கரைத்து அம்மா ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுப்பாள். "இருக்கறத வெச்சிகினு இனிக்க இனிக்கத் துன்னணும்" என்று சொல்லிக்கொண்டே அடியில் தங்கிய வெல்லத்தைத் தம்பிக்கு வழித்து ஊற்றுவாள், எனக்குக் கொடுக்கமாட்டாள். அந்தக் குறை எனக்கு இன்னமும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலே கோமதியத்தை வீட்டு மாமரம். கோமதியத்தை சங்கரன்கோவில்காரி, எங்கள் அடுத்த வீடு. நெல்லைப் பேச்சு மாறாமல் எல்லாரையும் "ஏட்டி" போட்டு அழைக்கும் பெரிய மனசுக்காரி. அவள் வீட்டுக்காரருக்கு, அதாவது எங்கள் மாமாவுக்கு, கடுமையான சர்க்கரை வியாதி. தினமும் ஊசி போட்டுக்கொள்வார். தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இன்சுலின் சீசாக்களை வைப்பதற்கென்றே அந்த வீட்டில் ஒரு ஃப்ரிட்ஜ் வந்திருந்தது. அதன் கதவுத் தட்டில் மருந்து டப்பாக்கள் வரிசையாக நிற்பதை அம்மா பலமுறை பார்த்திருக்கிறாள். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை; அது எப்படிச் சத்தம் போடும், எதற்கு ஓடும் என்பதெல்லாம் எங்களுக்குக் கேள்விஞானம்தான்.

அந்த வருஷம் கோமதியத்தை குடும்பம் ஊருக்குப் போய் இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போன அம்மா, பின்தாழ்வாரச் சுவரில் இருந்த மின்சார மீட்டரைப் பார்த்துவிட்டாள். உள்ளே கருப்புக் கோடு போட்ட சக்கரம் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அம்மாவுக்கு உடம்பு எரியும். ஆளில்லாத வீட்டில் மீட்டரே ஓடினால் கேட்கவா வேண்டும். "ஆளில்லாத ஊட்ல இன்னாத்துக்கு இது சுத்திகினு கீது? பாவம், மறந்துட்டாங்க போல" என்று சொல்லி, எம்பி நின்று மெயின் ஸ்விட்சைக் கீழே இழுத்தாள். சக்கரம் நின்றது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு நாங்கள் மாங்காய் பறித்துக்கொண்டு வந்தோம்.

ஒரு வாரம் கழித்து நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா இதைப் பெருமையாகச் சொன்னாள். நைனாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"இன்னாம்மே பண்ணி வெச்சிகீற? அந்தப் பொட்டிலதானே அவரு ஊசி மருந்து கீது. கரண்ட்டு இல்லாங்காட்டி கெட்டுப்பூடுமே."

அம்மா எழுந்து ஓடினாள். நாங்களும் பின்னால் ஓடினோம். ஸ்விட்சை மேலே தள்ளியதும் சக்கரம் மறுபடியும் சுற்றத் தொடங்கியது. வீட்டின் உட்கதவுக்கு எங்களிடம் சாவி இல்லை. அம்மா அந்தக் கதவில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே எங்கோ மெல்லிய உறுமல். "பொட்டி ஓடுது" என்றாள். அவள் முகம் அப்படி வெளுத்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் நைனா தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார். "திருப்பித்தான் போட்டுட்டியே. சொல்லாங்காட்டி யாருக்குத் தெரியப்போவுது?"

"அது கெட்டிருக்கிறது கண்ணுக்குத் தெரியாதாமே. அவரு பாட்டுக்கு அத்தக் குத்திக்குவாரு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா?" என்றாள் அம்மா. ஊருக்குக் கடிதம் போடலாம் என்று நைனா சொன்னதற்கும் அவள் ஒப்பவில்லை. அங்கே வேண்டிய மருந்தை எடுத்துக்கொண்டுதான் போயிருப்பார்கள், நிம்மதியாக இருப்பவர்களைக் கலங்கடிக்க வேண்டாம், வந்ததும் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்றுவிட்டாள்.

சொல்லுவது என்று முடிவெடுத்தவளுக்குச் சொன்னபிறகு என்ன ஆகும் என்ற பயம் மட்டும் போகவில்லை. படித்தவர்களும் பெரிய வேலை பார்த்தவர்களும் இருந்த அந்த லைனில், உள்ளூர்க் கூலிக்காரர் வீட்டுப் பெண் என்ற பேச்சை மாற்றி, நம்பிச் சாவி கொடுக்கலாம் என்ற பெயரை அவள் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தாள். அவளிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான். ஒரு ஸ்விட்சில் அது போய்விடும் என்று நினைத்தாள். என்னிடம் சொல்லவில்லை, ஆனால் வடாம் பிழிகிற கை அச்சைப் பிடித்தபடி நின்றுபோவதையும், ராச்சோறு அவள் தட்டில் அப்படியே இருப்பதையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

எங்களுக்கு வந்த தண்டனை வேறு. கோமதியத்தை வீட்டு மாமரத்தில் கைவைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டாள். அந்த வருஷமென்று பார்த்துக் கிளை தாங்காமல் காய்த்திருந்தது. நைனா கொக்கி போட்டுப் பறித்துக் கொடுக்க, அம்மா அத்தனையையும் அத்தை வீட்டுப் பின்தாழ்வாரத்தில் வைக்கோல் பரப்பிப் பழுக்கவைத்தாள். பழுக்கப் பழுக்க வாசனை சுவரைத் தாண்டி வந்து எங்களைப் படுத்தியது. தம்பி ஒருநாள் அழுதே விட்டான். "கெடுதல் பண்ண ஊட்டுப் பண்டத்தத் துன்னக்கூடாது" என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

அவர்கள் வந்த காலையில் அம்மா விடிந்ததிலிருந்தே வாசலில் நின்றாள். கையில் வடாம் தூக்குவாளி இல்லை. ஆட்டோவிலிருந்து கோமதியத்தை இறங்கி மூட்டையைக்கூடக் கீழே வைக்கவில்லை, அம்மா போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோமதிக்கா, உள்ள போறதுக்கு மின்னாடி நான் சொல்றதக் கேட்டுடு. மீட்டரு சுத்திகினு இருந்துச்சு. மறந்துட்டீங்கன்னு நான் மெயின அமுத்திட்டேன். ஒரு வாரம் கரண்ட்டு இல்ல. அப்பறந்தான் தெரிஞ்சு போட்டேன். அண்ணன் மருந்து எல்லாம் கெட்டிருக்கும். அத்தக் குத்திக்க வாணாம்னு சொல்லு. உன் கால்ல வேணா வுழறேன்."

கோமதியத்தைக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் மூட்டையைத் திறந்து ஒரு சின்ன மண்கலயத்தை வெளியே எடுத்தாள். அதைச் சுற்றி ஈரத்துணி. உள்ளே மருந்துச் சீசாக்கள்.

"மருந்தை எவளாவது வச்சிட்டுப் போவாளாட்டி? எல்லாத்தையும் கையோட கொண்டுட்டுல்லா போனேன். ஃப்ரிட்ஜைத் தொடச்சு அணைச்சு, கதவு எடையில துண்டை மடிச்சுச் சொருகிட்டுல்லா போனேன். ஒரு மாசம் சும்மா ஓட விடுததுக்கு நான் என்ன ஜமீன்தாரு மகளா?"

அம்மா கலயத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "அப்போ இன்னாத்துக்குக்கா அது சுத்துச்சு?"

அதற்குள் பூட்டைத் திறந்து உள்ளே போயிருந்த மாமா, படுக்கையறையிலிருந்து குரல் கொடுத்தார். "ஏளா, இங்க வந்து பாரு. ஃபேன் சுத்துது."

அவர்கள் கிளம்பிய காலையில் மின்சாரம் இல்லை. அதனால் அந்த அறை ஃபேன் ஸ்விட்ச் போட்டபடியே இருந்தது யார் கண்ணிலும் படவில்லை. அவர்கள் ரயிலேறியபின் கரண்ட் வந்து, ஆளில்லாத கட்டிலுக்கு அது பாட்டுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அம்மா கதவில் காதை வைத்துக் கேட்ட உறுமல் அதுதான்.

கோமதியத்தை ஃபேனைப் பார்த்தாள், மீட்டரைப் பார்த்தாள், பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பினாள். "சரிட்டி சரோசா, அணைச்சவ நல்ல காரியந்தான் பண்ணின. பொறவு எதுக்குட்டி திரும்பப் போட்ட?"

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. கோமதியத்தை பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அப்போதுதான் தாழ்வாரத்தில் வைக்கோல்மேல் குவிந்திருந்த பழங்கள் அத்தையின் கண்ணில் பட்டன. "இது என்னட்டி, கடை போடப் போறியா? பிள்ளையளுக்குக் குடுக்கலியா?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் ஆளுக்கு இரண்டை எங்கள் கையில் திணித்தாள். காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, முழங்கை வரை சாறு வழிய, நின்ற இடத்திலேயே தின்றோம். அம்மாவும் தின்றாள். பயம் விட்ட மனிதர்கள் எவ்வளவு பசியோடு தின்பார்கள் என்பதை அன்றைக்குப் பார்த்தேன்.

இப்போது அந்த லைன் இல்லை. சில வீடுகளை இடித்துவிட்டார்கள். நிற்கிற வீடுகளின் சுவர்களில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. மாமா ஓய்வு பெற்றதும் கோமதியத்தை குடும்பம் சங்கரன்கோவிலுக்கே போய்விட்டது. பொங்கலுக்குப் பொங்கல் போன் வரும். பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டுவிட்டார்கள், கரையில் நுங்கு வெட்ட யாரும் இல்லை. நாங்கள் ஏரிக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். எதிர்வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது, அவருக்கும் என் பெயர் தெரியாது.

இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவிடம் சொன்னேன். அவள் சாப்பிட்டுவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். அந்த நாளெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தது, எல்லாம் போய்விட்டதே என்று நான் உருக ஆரம்பித்ததும் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு. யாரு இல்லேன்னது? ஆனா எது ஒடஞ்சாலும் நம்ம தலையில வுழுமோன்னு பயந்துகினே கெடந்தேன். இப்பதான் அது இல்லாம தூங்கறேன். வுடு."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கட்டுரைக்காக அவளிடம் இன்னும் இரண்டொரு விஷயம் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் குறட்டை வந்துவிட்டது.