நின்றால் நடுங்கிய காரும் அக்காவின் லைசென்ஸும்

மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று குடும்பம் நிறைந்திருந்த காலத்தில், இரண்டே பேர் உட்காரக்கூடிய காரை நான் விலைக்கு வாங்கினேன். எழுபதுகளின் கடைசி. கன்டோன்மென்ட்டில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஓர் எஞ்சினியர், இங்கிலாந்தில் செய்த, கூரையில்லாத அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை என் தலையில் கட்டினார். கட்டினார் என்பதும் சரியில்லை. தலையைக் கொண்டுபோய் நீட்டியது நான்தான். உறவினர்கள் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். சிரிக்காதவர் அக்கா ஒருவர்தான்.

"ரெண்டு பேருக்கு இடம் போதுமேடா. அப்பாவும் நானும்" என்றார்.

அக்கா பிறந்தது லால்குடியில், நெல் வயலை நம்பிய குடும்பத்தில். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அடுப்பும் நானும் அவர் பொறுப்பில் வந்தோம். இரண்டையும் அணையாமல் பார்த்துக்கொண்டே தினமும் பஸ்ஸில் திருச்சிக்குப் போய் வேதியியல் படித்தார். திருமணமாகி ஸ்ரீரங்கம் வந்த பிறகு பெண்கள் பள்ளியில் ஆசிரியை ஆனார். பின்னாளில் நானும் அதே தெருவில் குடியேறினேன். கோபம் வந்தால் அவர் குரல் தாழும். செய்த உதவியைப் பற்றிப் பேசமாட்டார். செய்யாதவர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார்.

அப்போது லால்குடியிலேயே இருந்த அப்பாவுக்கு முழங்கால் விட்டுப்போயிருந்தது. பஸ் படி ஏற முடியாது. ஆனால் திருச்சி டாக்டரிடம் தவறாமல் காட்டியாக வேண்டும். எனக்கு லீவு கிடைப்பது அரிது. என் காரோ தரையை ஒட்டியது. ஏற வேண்டாம், சரிந்தால் போதும். ஆகவே தாமே கார் ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுப்பதென்று அக்கா முடிவு செய்தார்.

அத்தானுக்கு அதில் நம்பிக்கையில்லை. "ஒரு தடவை டெஸ்டுக்குப் போ. பாஸானா ஓட்டு. இல்லேன்னா அந்தத் தகரத்தை உன் தம்பி மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்லுல தவிடு அள்ளக் கொடுத்துடட்டும்" என்றார்.

அக்கா ஓட்டக் கற்றுக்கொண்டார். காருக்குத்தான் நிற்கத் தெரியவில்லை. ஓடும்போது எப்படியோ சமாளித்துக்கொள்ளும். நிறுத்தினால் எஞ்சின் ஒரு கணம் உறுமும், மறுகணம் முனகும், குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்கி அணைந்துவிடும். நான் நிற்காமலே வாழப் பழகியிருந்தேன். மார்க்கெட்டில் கார் ஊர்ந்துகொண்டே இருக்கும். மனைவி கூடவே நடந்தபடி கத்தரிக்காய் பேரம் பேசுவாள். டெஸ்டில் அது நடக்காது. பிரேக் இன்ஸ்பெக்டர் பாலத்து ஏற்றத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி எடுக்கச் சொல்வார் என்பது ஊருக்கே தெரியும்.

மெக்கானிக் சேகர் பிளக்குகளை மாற்றினார். எஞ்சின் சீரானது, சில நாளில் பழையபடி நடுக்கம். பிளக்குக்குப் பொறி அனுப்பும் பாயின்ட்டை மாற்றினார். சீரானது, திரும்பவும் நடுக்கம். பிறகு நான் இறங்கினேன். ஏதோ ஆங்கிலப் பத்திரிகையில் படித்ததை நம்பி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் ஒரு திருகாணியைக் கால் சுற்றுத் திருகினேன். எஞ்சின் அடங்கியது. அன்று மாலை வீட்டில் எரிபொருள் பற்றி நான் ஆற்றிய உரையை என் பிள்ளைகள் இன்னும் மன்னிக்கவில்லை. சனிக்கிழமை மறுபடி நடுக்கம். டெஸ்ட் திங்கட்கிழமை.

சேகரையும் என்னையும் அக்கா வாசலுக்கு அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"மூணு வைத்தியம் பண்ணீங்க. மூணுமே கேட்டுச்சு, மூணுமே திரும்பிடுச்சு. அப்ப குணமாக்கினது நீங்க பண்ணின எதுவுமில்லே. மூணு தடவையும் பொதுவா என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க டீச்சர். மேல இருக்கிற அழுக்கை முதல்ல பிரஷ் போட்டுத் துடைப்பேன். அது பழக்கம்" என்றார் சேகர்.

"நீ?"

"அவரைப் பார்த்து நானும் துடைச்சேன்" என்றேன்.

"என்ன அழுக்கு?"

சேகர் தயங்கினார். "தூசிதாங்க. அப்புறம் கார்புரேட்டர் மேல சந்தனம். கன்னத்துல போட்டுக்கிட்டுத்தாங்க துடைச்சேன்."

அக்கா போய் பானெட்டைத் திறந்தார். வெள்ளிதோறும் தலைக்குக் குளித்து, வீட்டில் அரைத்த சந்தனத்தில் எஞ்சினுக்குப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைப்பது அவர் வழக்கம். கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் சிறு கிண்ணம் ஒன்று உண்டு. அதன் பித்தளை மூடி உருண்டையாக, நெற்றிபோல் மினுங்கும். நடுவில் பொட்டுக்கென்றே செய்ததுபோல் ஒரு குழி. குழிக்குள் காற்று போய்வர ஊசிமுனை அளவு துளை. எஞ்சின் சூட்டில் சந்தனம் காய்ந்து, அந்தத் துளைக்கு நல்ல தக்கையாகியிருந்தது. காற்று அடைபட்டால் பெட்ரோல் அளவாக இறங்காது.

கொண்டை ஊசியால் பொட்டைக் கிளறி எடுத்துவிட்டு, "ஸ்டார்ட் பண்ணு" என்றார். நின்ற காரில் எஞ்சின் சீராக ஓடியது. நான் மகிழ்ந்துவிட்டேன். வேதியியல் ஆசிரியைக்கு அது போதவில்லை. துளைமேல் விரலை வைத்து அழுத்தினார். சிறிது நேரத்தில் நடுக்கம் தொடங்கியது. விரலை எடுத்தார், அடங்கியது. மீண்டும் வைத்துப் பார்த்தார்.

"நான்தான்" என்றார். வகுப்பில் விடை சொல்கிற அதே குரல். பள்ளியில் தப்புக் கணக்குப் போட்ட எந்தப் பெண்ணிடமும் அவர் அதைவிடக் கடுமையாகப் பேசியதில்லை, தம்மிடமும் பேசவில்லை. பொட்டு அன்றே ஸ்டீரிங்கின் நடுவுக்கு இடம் மாறியது.

திங்கட்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் எதிர்பார்த்த இடத்திலேயே நிறுத்தச் சொன்னார். ஏற்றத்தின் கீழே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். எஞ்சின் உலைநீர் கொதிப்பதுபோல் ஒரே சுதியில் இருந்தது. கார் ஓர் அங்குலம்கூடப் பின்னால் வராமல் மேலே போனது. அந்த வாரமே அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, லால்குடி முழுக்கப் பார்க்க, டாக்டரிடம் கிளம்பினார். அப்பா இருந்தவரை அந்தப் பயணம் நிற்கவில்லை.

சென்ற ஆண்டு நோய்வாய்ப்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் அக்கா அதே வேதியியல் ஆசிரியைதான். குளுக்கோஸ் சொட்டு ஒரே சீராக இறங்குகிறதா என்று படுத்தபடியே கவனித்து நர்ஸிடம் சொல்வார். குறையொன்றும் வைக்காமல், ஒரு காலை வேளையில் அமைதியாகப் போனார்.

கூடவே இருந்து பார்த்துக்கொண்ட நர்ஸுகளுக்கும், சோறு கொண்டுவந்து கொடுத்த தெருக்காரர்களுக்கும், அழுதுகொண்டே வந்த பழைய மாணவிகளுக்கும், அக்காவின் கடைசி ஊர்வலத்துக்கு வேன் ஏற்பாடு செய்த சேகருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அத்தானிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்த பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உருகிவிட்டார் என்று நினைத்தேன்.

"எல்லாம் சரி மாப்ளே" என்றார். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்தச் சந்தனத்தை அரைச்சுக் கொடுத்தது நான்தான். நன்றியில என் பேரைக் காணோமே."