கணவர் இருக்கும் கதிரை

நான் இங்கிலீஷ் படிக்கத் தொடங்கியதே மலாயாவில் வேலைபார்த்த என் கணவரிடம் போய்ச் சேரத்தான். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்தபின் அவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. இருந்தாலும் வெள்ளவத்தையில் எங்கள் மேல்வீட்டு ரீச்சர் பின்னேரங்களில் இறங்கி வந்து சொல்லித்தருவதை நான் நிறுத்தவில்லை.

அன்று 'ஒன்' (on), 'அட்' (at) பாடம். தமிழில் இரண்டுக்கும் 'மேசையில்' போதுமே என்று எனக்கு எரிச்சல். என் கணவருக்கென்று நான் தினமும் மூடிவைக்கும் சோற்றை ரீச்சர் காட்டினார்.

"சோறு ஒன் த டேபிள். சாப்பிட இருக்கிற ஆள் அட் த டேபிள். இப்ப நீங்கள் ஒரு வசனம் சொல்லுங்கோ."

நான் யோசிக்கவே இல்லை. "மை ஹஸ்பண்ட் இஸ் அட் த டேபிள்."

ரீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு, தான் இருந்த கதிரையைத் திரும்பிப் பார்த்தார். லீவில் வந்தால் என் கணவர் இருக்கும் கதிரை அது. மெதுவாக எழும்பி, பக்கத்துக் கதிரைக்கு மாறினார்.

"ஓம், சரிதான்," என்றார்.

என் கணவர் இனி வரமாட்டார் என்று சொந்தக்காரர் எல்லாரும் என்னைத் திருத்தப் பார்த்தார்கள். திருத்துவதே தொழிலாக இருந்த ரீச்சர் மட்டும் திருத்தவில்லை.