அத்திப்பள்ளிக்கு ஒரு டிரைவர்

போன வாரம் ஒரு ட்ரை டே. நம் பக்கம் மதுக்கடைகள் எல்லாம் மூடியிருந்தன. ஓசூர்க்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு பிரச்னையா என்ன? ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகா. அத்திப்பள்ளியில் கடை திறந்திருக்கும்.

காலையிலேயே சதீஷ் போன் செய்தான். எங்கள் ஃபேக்டரியில் பிரஸ் ஷாப் சூப்பர்வைசர்.

"அண்ணா, ஃப்ரீயா இருக்கீங்களா? நாங்க மூணு பேரு அத்திப்பள்ளி வரைக்கும் போலாம்னு இருக்கோம். திரும்பி வரப்போ போலீஸ் ஊதச் சொல்றாங்க. நீங்கதான் குடிக்க மாட்டீங்களே... என் வண்டிய நீங்க ஓட்டிட்டு வந்துருங்கணா."

நான் குடியை விட்டவன் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கும் உங்களுக்குத் தெரியும். சதீஷுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கூப்பிட்டான்! குடியை விட்டவனுக்கு ஊர் கொடுக்கிற முதல் பதவி இதுதான் — டிரைவர். சர்க்கரை நோயாளியை ஸ்வீட் கடைக்குக் காவல் வைப்பது மாதிரி.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குடியை விட்டதிலிருந்து சிநேகிதர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். டிரைவராகவாவது கூப்பிட்டார்களே என்று ஒரு சின்ன சந்தோஷம்.

அவர்கள் பாருக்குள் போனார்கள். நான் காரிலேயே உட்கார்ந்துகொண்டேன். ஏ.சி., பாட்டு, கையில் ஒரு இளநீர்... என்ன ஆகிவிடப் போகிறது?

கொஞ்ச நேரத்தில் சதீஷ் வெளியே வந்தான். ஜன்னல் வழியாக ஒரு பிளாஸ்டிக் டம்ளரை நீட்டினான். நுரை தளும்பியது.

"தனியா உக்காந்திருக்கீங்க, மனசு கேக்கலணா. பீருதான். பீரெல்லாம் ஒரு சரக்கா?"

டாஷ்போர்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்பாகத்தான் வைத்தான்.

வாசனை வந்தது. வாயில் எச்சில் ஊறியது — இத்தனை வருஷத்துக்குப் பிறகும்! எனக்கு ஒரு டம்ளரோடு நிறுத்துவது என்பதே கிடையாது. ஒன்று உள்ளே போனால், திரும்பக் கிடைத்த வேலையும் போகும், திரும்பி வந்த மனைவியும் போவாள். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கை டம்ளர் பக்கம் போனது. பயந்துவிட்டேன்.

முனிராஜுக்குப் போன் போட்டேன். காவேரிப்பட்டினத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். குடியை விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பேசுகிற எங்கள் கூட்டத்துக்காரர். ஆசை வந்தால் முதலில் போன், மற்றதெல்லாம் அப்புறம் — இதுதான் எங்களுக்குள் ஏற்பாடு. விஷயத்தைச் சொன்னேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை.

"சாவி யாருகிட்ட இருக்குது?"

"என்கிட்டதான்."

"அப்புறம் என்னாத்துக்கு அங்க உக்காந்திருக்கிற? கெளம்புப்பா."

"வண்டி சதீஷோடதுங்க. மூணு பேரு உள்ள இருக்காங்க..."

"அவங்களுக்கு பஸ்ஸு இருக்குது. உனக்கு என்னா இருக்குது?"

பீரை மண்ணில் ஊற்றினேன். 'பஸ்ல வந்துடு' என்று சதீஷுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டு, அவன் காரையே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நேரே அவன் வீட்டுக்குப் போய், அவன் மனைவி கையில் சாவியைக் கொடுத்தேன்.

"அவரு எங்கணா?"

"அத்திப்பள்ளில."

"ஃபேக்டரில மெஷின் ரிப்பேருன்னு சொல்லிட்டு இல்ல போனாரு!"

அந்தப் பெண் சாவியை ஆணியில் மாட்டினாள். அப்புறம், "வெயில்ல வந்திருக்கீங்க, மோரு குடிச்சிட்டுப் போங்க" என்றாள். குடித்தேன்.

மறுநாள் ஃபேக்டரியில் என் மானம் கப்பலேறியது. சதீஷ் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேன்டீனில் என் காதுபடவே சொன்னார்கள் — "அவர நம்பி எங்கயும் போயிடாதீங்கடா, நடுரோட்ல வுட்டுட்டு வந்துருவாரு."

வருத்தம்தான். சதீஷ் கெட்டவன் இல்லை. ஆனால் இனி எந்த ட்ரை டேக்கும் எனக்குப் போன் வராது.

குடித்த காலத்தில் வாங்கிய கெட்ட பெயர்களை எல்லாம் அழிக்கத்தான் இத்தனை நாளாகப் பாடுபடுகிறேன். இந்த ஒன்றை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளப் போகிறேன்!