முசுடு என்றால் என்ன?

இன்று என் தங்கை எஸ்தரைப் பெண் பார்க்க எங்கள் ஊர் அருமனைக்கு ஒருவர் வந்தார். கொல்லத்தில் வளர்ந்தவர், சர்வே ஆபீசில் வேலை.

வந்ததிலிருந்து அவர் சிரிக்கவேயில்லை. மோட்டார் பஸ் ஆற்றுக்குள் இறங்கி நின்ற கதையை அப்பா நடித்தே காட்டினார். "பாலத்துக்கு எத்தனை அடி அகலம்?" என்று கேட்டார் அவர்.

கதவுக்குப் பின்னால் எஸ்தர், "இந்த முசுடு எனக்கு வேண்டாம்மா" என்றாள். எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். "முசுடுண்ணா என்னவாக்கும்?"

நான் தமிழ் வாத்தியார். மழுப்பத் தெரியவில்லை.

"மாமரத்துல இலையச் சேத்துக் கூடு கட்டுமே, அந்தச் செவப்பு எறும்பு. தொட்டா கடிக்கும். அதுனால சிரிக்காம கடுகடுன்னு இருக்க ஆளையும் அப்பிடிச் சொல்லுவோம்."

அவர் நன்றாக யோசித்தார்.

"நான் இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்லையே" என்றார், முகம் மாறாமல்.

உள்ளே எஸ்தர் வெடித்துச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "அப்பா, எனக்குச் சம்மதம்" என்றாள்.

"நல்லது" என்றார் அவர். அப்போதும் சிரிக்கவில்லை.

தை மாதம் கல்யாணம். போட்டோவுக்காவது மாப்பிள்ளை சிரிப்பாரா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?